சம்பந்தியின் துப்பாக்கிக் குழலில் ஈயம் ஒட்டுகிறது: அச்சு ஈயத்தில் குண்டு வார்த்தவர்கள் யாராவது உண்டா?

அச்சுக்கோப்பவன்69 | அக்டோபர் 14

எல்லோருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பதற வேண்டாம். நான் இருப்பது அங் மோ கியோவில், நான்காம் மாடி ஃபிளாட்டில். என்னிடம் துப்பாக்கியும் கிடையாது, தோட்டாவும் கிடையாது. கேள்வி என் சம்பந்திக்காக. அவர் இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவில்.

என் மகள் கட்டியிருப்பது அவர் பையனைத்தான். சம்பந்தி வெள்ளைக்காரர், 70 வயது, வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். அவர்கள் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். முதல் பத்து நாள் எங்களுக்குள் 'குட் மார்னிங்' தவிர வேறு பேச்சில்லை. பதினோராம் நாள் காலை கராஜுக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று வாளி நிறைய லைனோடைப் ஸ்லக்! லைனோடைப் மெஷின் ஒரு வரி எழுத்தை ஒரே ஈயக் கட்டியாக வார்த்துத் தள்ளும், அதுதான் ஸ்லக். மூடிப்போன ஏதோ பத்திரிகை அச்சகத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறார். எனக்குக் கை பரபரத்தது. 1969-ல் 17 வயதில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு அச்சகத்தில் சேர்ந்தவன் நான். தமிழைக் கையால் கோப்போம், ஆங்கிலம் லைனோடைப் மெஷினில். ஒரு ஸ்லக்கை எடுத்துத் துடைத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கும் எழுத்தை அப்படியே வாசித்தேன். யாரோ வைக்கோல் கட்டு விற்கக் கொடுத்த விளம்பரம். சம்பந்தி இன்னொன்றை எடுத்து நீட்டினார். அதையும் வாசித்தேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் இருப்பது மார்லின் 336 துப்பாக்கி, 30-30 தோட்டா போடுவது. கீழே உள்ள லீவரை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். அவருடைய அப்பா வாங்கியதாம். 40 வருஷமாகக் கடைத் தோட்டா போட்டுத்தான் மான் அடித்திருக்கிறார். போன குளிர்காலத்திலிருந்து குண்டைத் தானே வார்த்து, பழைய பித்தளைக் கூடுகளில் தானே மருந்து நிரப்புகிறார். குண்டு 170 கிரெய்ன் எடை (சுமார் 11 கிராம்), மூக்கு தட்டை, அடியில் சின்னச் செப்புத் தொப்பி. வார்ப்பு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. விளிம்பெல்லாம் கூர்மை, எங்கேயும் சுருக்கம் இல்லை. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

சுட்டால்தான் கதை வேறு. கடைத் தோட்டா 50 கஜத்தில் கோப்பி கிளாஸ் வாய்க்குள் அடங்குகிறது. இவர் வார்த்தது ஆப்பச் சட்டி அகலத்துக்குச் சிதறுகிறது. பத்து தோட்டா சுட்ட பிறகு குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் வெள்ளி ஜரிகை மாதிரி ஈயம் ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு மணி நேரம்.

அவர் போடுவது சுத்த லைனோடைப் ஈயம். 84 பங்கு ஈயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம். அச்சகத்தில் எங்களுக்குக் கெட்டி ஈயம்தான் நல்ல ஈயம், எழுத்து மழுங்காது. அவரும் 'எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது' என்கிறார். எனக்கென்னவோ கெட்டிதான் கோளாறு என்று படுகிறது. ஒரு பங்கு ஸ்லக்கோடு மூன்று பங்கு சுத்த ஈயம் சேர்த்தால் ஆண்டிமனி 3, வெள்ளீயம் 1, மீதி 96 ஈயம் என்று வரும். இது சரிப்படுமா? அங்கே மான் சீசன் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் முடிந்து வரும் சனிக்கிழமை திறக்கிறது.

பாசிர் ரிஸ் மாமா | அக்டோபர் 14

அண்ணே, டெக்சஸில் எண்ணெய்க் கிணற்று வேலையில் 12 வருஷம் இருந்தேன். கூட வேலை பார்த்தவர்களோடு வேட்டைக்குப் போவேன், குண்டும் வார்த்திருக்கிறேன். உங்கள் ஊகம் பாதி சரி.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். ஈயம் குழலின் எந்தப் பக்கம் ஒட்டுகிறது? தோட்டா உட்காரும் அறையை ஒட்டியா, வாய்ப் பக்கமா? வாய்ப் பக்கம் என்றால் குண்டின் காடியில் பூசிய மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. அறைப் பக்கம் என்றால் குண்டு குழலுக்குச் சின்னது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இடுக்கு இருந்தால், பின்னாலிருந்து தள்ளும் சூடான வாயு அந்த இடுக்கில் பாய்ந்து குண்டின் ஓரத்தை அரித்துக் குழலில் பூசிவிட்டுப் போகும். கேஸ் வெல்டிங் டார்ச் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்புத் தொப்பி இருந்தாலும் தொப்பியும் சேர்ந்து சின்னதாக இருந்தால் அது என்ன செய்யும்?

கெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பிரினெல் என்ற கெட்டித்தன அளவில் சுத்த ஈயம் சுமார் 5, லைனோடைப் 22 பக்கம். கொஞ்சம் மெத்தென்ற குண்டு, வாயு அழுத்தத்தில் பின்பக்கம் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். 22-ல் இருக்கும் குண்டு உப்பாது. அதனால் சின்ன குண்டும் கெட்டி ஈயமும் சேர்ந்தால் ஆகக் கெட்ட கூட்டணி.

செய்ய வேண்டியது இதுதான். செப்பு உறை போட்ட கடைக் குண்டு 40 வருஷம் போன குழல் அது, உள்ளே செப்புப் படலம் இருக்கும். அதை முழுசாகத் துடைத்து எடுக்காமல் ஈயம் சுடக் கூடாது. அப்புறம் சுத்த ஈயத்தில் ஒரு சின்ன உருண்டை, குழலைவிட ஒரு மயிரிழை பெரியதாக. குழலுக்கு எண்ணெய் போட்டு, துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, தடியால் மெதுவாகத் தள்ளி மறுபக்கம் எடுக்கச் சொல்லுங்கள். அதை மைக்ரோமீட்டரில் அளந்தால் குழலின் உள் அளவு வந்துவிடும். 30-30-க்கு 0.308 அங்குலம் என்று புத்தகத்தில் இருக்கும். பழைய மார்லின் அதைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். குண்டு அந்த அளவைவிட 1 அல்லது 2 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதலாக இருக்க வேண்டும்.

மருந்து அளவு மட்டும் இங்கே கேட்காதீர்கள், யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம், குன்றிமணியில் பாதி. அதில் பிசகினால் துப்பாக்கி முகத்தில் வெடிக்கும். வார்ப்புக் குண்டுக்கென்றே அச்சிட்ட அட்டவணை இருக்கிறது. அதில் ஆகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கடைத் தோட்டா வினாடிக்கு 2,200 அடி போகும். வார்த்ததை அந்த வேகத்துக்கு விரட்டாதீர்கள். 1,800 போனாலே காட்டுக்குள் 80 கஜத்தில் நிற்கும் மானுக்கு எதேஷ்டம்.

தேக்கா காவலாளி | அக்டோபர் 15

ஐயா, நான் தொழில்நுட்பம் பேச வரவில்லை. சம்பந்தி ஞாபகார்த்தமாக ஒரு குண்டு கொடுத்தால் தயவுசெய்து பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். காலிக் கூடும் வேண்டாம். இங்கே அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தால் குறைந்தது 5 வருஷம் சிறை, 6 பிரம்படி. 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் பிரம்படி இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். சாங்கியில் ஸ்கேன் செய்பவரிடம் 'இது அச்சு ஈயம்' என்று விளக்கிக்கொண்டு நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

மான் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மண்டாய் பக்கம் திரியும் கடமான் கூட்டம் 1970-களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பிய மான்களின் வம்சம். இரவில் டாக்சி ஓட்டும்போது ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்தேன். என் டாக்சியைவிடக் கம்பீரமாக இருந்தது.

துவாஸ் உலை | அக்டோபர் 15

ஐயா, உங்கள் கணக்கு சரி. 96-3-1 நல்ல கலவை. பழைய கார்ச் சக்கர விளிம்பில் கவ்வி மாட்டிய ஈய எடைக் கட்டிகள் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் வரும். கெட்டித்தனம் 11, 12 இருக்கும். வேட்டைக்கு இதுதான் தோது. லைனோடைப் குண்டு எலும்பில் பட்டால் ஒன்று நொறுங்கும், இல்லையென்றால் விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மான் அடிபட்டு நெடுந்தூரம் ஓடிச் சாகும். பாவம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. நான் வார்ப்பாலையில் 22 வருஷம் இருக்கிறேன், புதுப் பையன்கள் விழும் குழி இது. ஆண்டிமனி கூடக் கூட உலோகம் ஆறும்போது சுருங்குவது குறையும். எழுத்து வார்க்க அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தானே. நீங்கள் ஆண்டிமனியைக் குறைத்தால் அதே அச்சிலிருந்து விழும் குண்டு ஒரு தவ் சின்னதாக விழலாம். கெட்டித்தனத்தைச் சரிசெய்யப் போய் அளவைக் கெடுத்துக்கொள்வீர்கள். மாற்றிய பிறகு அளந்து பாருங்கள்.

வாளிக்குள் தனி எழுத்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். கையால் கோக்கும் எழுத்தில் ஆண்டிமனி இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருக்கும். அதையும் ஸ்லக் என்று நினைத்துப் போட்டால் கணக்கு போச்சு. டயர் எடைக் கட்டி கலந்தால் துத்தநாகம் வந்துவிடும் அபாயம் உண்டு. அது 419 டிகிரியில்தான் உருகும், ஈயம் 327-லேயே உருகிவிடும். சட்டியை 350-ஐ ஒட்டி வைத்திருந்தால் துத்தநாகம் மேலே மிதக்கும், கரண்டியால் வழித்து எறிந்துவிடலாம். அடுப்பை எகிறவிட்டால் உள்ளே கரைந்து கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

தண்ணீர். இதை மட்டும் எழுதாமல் போக மாட்டேன். உருகிய ஈயத்துக்குள் ஈரக் கட்டி ஒன்று அமுங்கினால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிச் சட்டியில் இருப்பதை எல்லாம் கூரைக்கு அடிக்கும். என் இடது முழங்கையில் அதன் கையெழுத்து இருக்கிறது. கராஜில் வாளி கிடந்தது என்றால் பனி ஈரம் கட்டாயம் இருக்கும். கட்டிகளைச் சட்டி விளிம்பில் வைத்துச் சூடேற்றிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

அச்சுக்கோப்பவன்69 | அக்டோபர் 21

எல்லோருக்கும் நன்றி. வாட்ஸ்அப்பில் மகள் போனைப் பிடித்துக்கொள்ள, ஒரு வாரம் நாங்கள் இருவரும் கராஜிலேயே குடியிருந்தோம். இங்கே எனக்கு ராத்திரி, அங்கே அவருக்குக் காலை.

ஈயம் ஒட்டியிருந்தது அறைப் பக்கம், முதல் ஒரு சாண் தூரம். வாய்ப் பக்கம் சுத்தம். பாசிர் ரிஸ் மாமா சொன்னபடியே.

உருண்டையைத் தள்ளி எடுத்தோம். அமெரிக்காவில் அதற்கும் 'ஸ்லக்' என்றுதான் பெயராம். எங்களுக்கு ஸ்லக் என்றால் ஒரு வரி எழுத்து. 'குழலை ஸ்லக் பண்ணப் போகிறேன்' என்று அவர் சொன்னதும் எதை அச்சடிக்கப் போகிறார் என்று குழம்பிவிட்டேன். அளந்தால் 0.310. அவர் குண்டை ஒரு வளையத்துக்குள் தள்ளி 0.309-க்குச் சுருக்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்ததாம்! ஒரு தவ் சின்னது. 'ஒரு தவ்தானே' என்றார். நான் விடவில்லை. அச்சு எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். அதில் ஒரு தவ் குறைந்த எழுத்து காகிதத்தில் மங்கலாக விழும். எங்கள் ஃபோர்மன் அந்த எழுத்தைக் கண்டுபிடித்து, கோத்தவன் தலையில் குட்டுவார். எனக்கு எத்தனை குட்டு என்று கணக்கில்லை. அந்தக் கதையை மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். மனிதர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது ஒன்றுக்கு மூன்று கலவை. கசடு மிதந்ததும் அதை வழித்து எறியப் போனார், தடுத்துவிட்டேன். அதில்தான் வெள்ளீயம் இருக்கிறது. ஒரு துண்டு மெழுகுவர்த்தி போட்டுக் கிளறினால் பாதி உள்ளே திரும்பிவிடும். வெள்ளீயம் என்றால் என்ன என்று கேட்டார். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு அதில் செய்ததுதான், வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்றேன். அதை அவர் நம்பவில்லை. மகள் வீட்டில் ஒரு சொம்பு இருக்கிறது, சோதனை செய்யவா என்று கேட்டாராம்.

துவாஸ் தம்பி சொன்ன சுருக்கமும் நடந்தது. சுத்த லைனோடைப் 0.312-ல் விழுந்த அச்சில் இப்போது 0.311. நல்லவேளை, எங்களுக்கு வேண்டியதே அதுதான். 0.311 வளையம் வாங்கியாயிற்று. குழலையும் செப்புப் படலம் போகத் துடைத்தாயிற்று.

முந்தாநாள் சுட்டார். சிதறல் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஈயம் இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது. எங்கே தவறு?

பாசிர் ரிஸ் மாமா | அக்டோபர் 21

ஒரு தோட்டாவை உடைத்துக் குண்டை வெளியே எடுத்து அளக்கச் சொல்லுங்கள். சுத்தியல் வடிவில் பிளாஸ்டிக் கருவி விற்கிறது, தட்டினால் குண்டு கழன்று வரும். 0.309-தான் இருக்கும் என்பது என் பந்தயம்.

கடைக் குண்டு செப்பு உறை போட்டது. அதற்கென்று செய்த கருவிகள் பித்தளைக் கூட்டின் கழுத்தை இறுக்கமாக விடும். அதில் மெத்தென்ற ஈயக் குண்டைச் சொருகினால் கூடு ஜெயிக்கும், குண்டு தோற்கும். முன்பு லைனோடைப்பின் கெட்டி அதைத் தாங்கியது. இப்போது மெதுவானதும் கூடு அமுக்கிவிடுகிறது. வார்ப்புக் குண்டுக்கென்றே ஒரு விரிப்பான் கம்பி உண்டு. கழுத்தை ஒரு தவ் தளர்த்தி, வாயை லேசாக மல்லிகை மொட்டு அவிழ்கிற மாதிரி விரித்துக் கொடுக்கும். குண்டு சிராய்ப்பில்லாமல் உட்காரும். கடைசியில் வாயைத் திரும்ப நேராக்கிவிட வேண்டும்.

பெரிய குண்டு போட்டதால் கழுத்து தடித்திருக்கும். தோட்டா அறைக்குள் தானாக வழுக்கிப் போகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். முட்டினால் தள்ளிச் சொருகக் கூடாது, அழுத்தம் எகிறும். இன்னொன்று, அந்தத் தட்டை மூக்கு அச்சை மாற்றிவிடாதீர்கள். இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர் மூக்கு இருந்தால் முன்னால் உள்ளதன் பிரைமரை, அதாவது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பொட்டை, குத்தும்.

கண்டாங் கெர்பாவ் தாதி | அக்டோபர் 22

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா? வார்க்கும்போது போட்ட சட்டையோடு பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது. கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. சமையல் பாத்திரம் எதையும் கராஜுக்குள் விடாதீர்கள். குழந்தையின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

இறைச்சியிலும் கவனம் வேண்டும். 2008-ல் வட டகோட்டாவில் வேட்டைக்காரர்கள் தானம் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்கு தென்பட்டு, அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். வேகமாகப் போகும் கடைக் குண்டு அதிகம் சிதறும். மெதுவாகப் போகும் வார்ப்புக் குண்டு குறைவாகச் சிதறும், ஆனால் சிதறவே சிதறாது என்று சொல்ல முடியாது. காயம் பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் அந்தக் கறி வேண்டாம்.

அச்சுக்கோப்பவன்69 | நவம்பர் 9

பந்தயத்தில் மாமா ஜெயித்தார். உடைத்து எடுத்த ஐந்து குண்டில் நான்கு 0.309, ஒன்று அதற்கும் கொஞ்சம் கீழே. விரிப்பான் கம்பி வந்து சேர ஒரு வாரம். அதைப் போட்ட பிறகு உடைத்துப் பார்த்தால் 0.311 அப்படியே இருக்கிறது.

நேற்று 50 கஜத்தில் ஐந்து குண்டு. மகள் போட்டோ அனுப்பியிருக்கிறாள். நான்கு துளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஐந்தாவது ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி. அந்த ஐந்தாவது தன் தவறு, தும்மல் வந்துவிட்டது என்கிறார். இருபது சுட்டும் குழலுக்குள் ஜரிகை இல்லை. ஈரத்துணி இரண்டு தடவை போய் வந்ததும் பளபள.

தாதி அம்மாவுக்கு: பேத்திக்கு மூன்று வயது. கராஜ் வாசலில் தனிச் செருப்பு, தனிச் சட்டை என்று மகள் சட்டம் போட்டுவிட்டாள். அச்சகத்தில் எங்களுக்கு ஈயம் ஏறாமல் இருக்க தினமும் ஒரு கிளாஸ் பால் கொடுப்பார்கள். அதே கையால்தான் கிளாஸைப் பிடித்துக் குடிப்போம்! சம்பந்தியிடம் இதைச் சொன்னேன். மறுநாள் கராஜ் குழாயடியில் புது சோப்பு.

தேக்கா காவலாளிக்கு: நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. சம்பந்தி ஜனவரியில் முதல் தடவையாகச் சிங்கப்பூர் வருகிறார். குறி தப்பாத கலவையில் வார்த்த குண்டு ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்து எனக்குக் கொண்டுவருவதாக இருந்தாராம். மகள் போனைப் பிடுங்கி நானே கத்திவிட்டேன். தூண்டிலுக்குப் போடும் ஈயக் கட்டிக்கு ஒரு அச்சு வாங்கி, அதே கலவையில் ஆறு ஊற்றிக்கொண்டு வாரும், சாங்கி கடற்கரையில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை அவுன்ஸ் வேண்டும் என்று கேட்கிறார். அங்கே நீரோட்டத்துக்கு எவ்வளவு போடுகிறீர்கள்?